தடை விலகிய கோப்புகள்
2007 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் 2003-க்கு மூன்றாவது சர்வீஸ் பேக் வந்தது. மிகப் பழைய வேர்டு, லோட்டஸ் 1-2-3, கோரல் டிரா கோப்புகளை அது திறக்க மறுத்தது. கணக்கு அலுவலகங்களின் கணினிகளைக் கவனித்துவந்த எனக்கு அதனால் எழுந்த கலக்கம் புரிந்தது. தொண்ணூறுகளின் பேரேடுகள் லோட்டஸில்தான் கிடந்தன. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் உரிய மதிப்பை மாற்றினால் தடை விலகும். அதை எல்லாக் கணினிகளிலும் மாற்றிவிடுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. பழைய கோப்புகளைப் படிக்கும் ஆபீஸின் நிரல்பகுதியே பலவீனமாக இருந்தது. 2008 ஜனவரியில் மைக்ரோசாஃப்டும் அதை ஒப்புக்கொண்டது. திட்டமிட்டுச் சிதைத்த கோப்பு ஒன்று மின்னஞ்சலில் வந்தால், அந்த ஓட்டை வழியே அந்நியன் கட்டளை ஓடும். இணையம் இல்லாத ஒரே கணினியில் தடையை நீக்கினேன். பேரேடுகளைப் புதிய வடிவுக்கு மாற்றி, கூட்டுத்தொகைகளை அச்சுப்பிரதியோடு ஒப்பிட்டேன். பிறகு தடையைத் திரும்பப் போட்டேன்.