குதிரைக்கு எத்தனை ஏக்கர்?

"ரெண்டு ஏக்கர் வாங்கிப் போட்டு, ஒரு குதிரை வளர்க்கணும் மச்சி." பெங்களூரு ஐடி கம்பெனி டீக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் ஆசை இது. கர்நாடகத்தில் 2020 வரை விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்கத் தடை இருந்தது. தமிழ்நாட்டில் இல்லை. ஓசூர், சூளகிரி, மத்தூர் என்று பட்டா தேடி வருகிற கார்களுக்கு அதுவும் ஒரு காரணம்.

இதே வட்டாரத்தில் இதே தேடலோடு முன்பு ஒருவர் வந்தார்: கிழக்கிந்தியக் கம்பெனி.

தமிழ்நாட்டுச் சமவெளிக்கும் குதிரைக்கும் ஒருபோதும் ஒத்துப்போனதில்லை. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இதை விலாவாரியாக எழுதியிருக்கிறார். கப்பல் கப்பலாக வந்திறங்கிய குதிரைகள் பராமரிப்புத் தெரியாமல் செத்துக்கொண்டே இருந்தன, மறுபடியும் வாங்கினார்கள். வியாபாரிகளுக்குக் கொண்டாட்டம்தான். சோறும் இறைச்சியும் தின்னக் கொடுத்தால் குதிரை வேறென்ன செய்யும்?

கம்பெனிக்கும் அதே தலைவலி. ஹைதர் அலியின் குதிரைப்படை சமவெளியில் புகுந்து புறப்பட்டபோது, துரத்தப் போதுமான குதிரை அதனிடம் இல்லை. மைசூர்ப் பக்கமோ மேட்டுநிலம், குளிர்ச்சி, புல். குணிகல்லில் திப்புவின் குதிரைப் பண்ணை இருந்தது. 1792 உடன்படிக்கையில் மத்தூர் இருக்கும் பாராமகால் கம்பெனிக்கு வந்தது. மலைக்கு மேலே ஓசூர் முழுசாகக் கைக்கு வர 1799 ஆனது, அதாவது திப்பு சாகும்வரை.

1824-ல் ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் ராணுவத்துக்கான குதிரைப் பண்ணை தொடங்கியது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். குதிரைக்குப் போட கொள்ளு அங்கேயே விளையும். நம்ம ஆட்கள் ஸ்ப்ரெட்ஷீட் போட்டுத் தேடியிருந்தாலும் இதைவிட நல்ல இடம் சிக்கியிருக்காது. சரியாக நூறு வருஷம் கழித்து, 1924-ல், பண்ணை ராணுவத்திடமிருந்து சிவில் நிர்வாகத்துக்குப் போனது. குதிரைப்படையின் காலம் முடிந்துகொண்டிருந்தது. லாயம் மாட்டுப்பண்ணை ஆனது. இன்றும் 1,600 ஏக்கருக்கு மேல் அரசு கால்நடைப் பண்ணையாக இருக்கிறது. கத்தியவார் குதிரைகளையும் அங்கே வளர்த்திருக்கிறார்கள்.

ஆயிரத்து அறுநூறு ஏக்கர்! இன்றைய நில உச்சவரம்புச் சட்டப்படி ஐந்து பேர் கொண்ட குடும்பம் வைத்திருக்கக்கூடியது 15 ஸ்டாண்டர்டு ஏக்கர்தான். அது நியாயமான சட்டம் என்றே நினைக்கிறேன். ஆனால் குதிரைக்குச் சட்டம் தெரியாது. மேய்ச்சலை நம்பி வளர்த்தால் ஒரு குதிரைக்கே ஒன்றிரண்டு ஏக்கர் நல்ல புல் தேவை. தினமும் 25 முதல் 40 லிட்டர் தண்ணீர். மத்தூர்ப் பக்கத்து வெயிலில் அந்தப் புல்லை போர்வெல்தான் வளர்க்கணும்.

அந்த போர்வெல் இறங்கும் இடத்துக்குப் பக்கத்து வேலியில் யாரோ நாலு மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருப்பார். அவர் மாடு மேய்கிற வழியை மறித்துத்தான் பண்ணைவீட்டு கேட் வரும். கம்பெனி யாரையும் கேட்டிருக்காது. நாம் கேட்கலாம். வில்லங்கச் சான்றிதழோடு கிராம வரைபடத்தையும் வாங்கிப் பாருங்கள்: மேய்ச்சல் புறம்போக்கு எங்கே முடிகிறது, வண்டிப்பாதை எந்த சர்வே நம்பரை ஒட்டிப் போகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும்.