பள்ளிக்கல்வி விதிகள்: பொதுமக்கள் அறியும் உரிமை

பள்ளிகளை ஆளும் சட்டம், அரசாணை, சுற்றறிக்கை ஆகியவற்றைக் குடிமக்கள் பார்க்கவும் நகல் பெறவும் உள்ள உரிமை. தமிழ்நாடு 1997இலேயே தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. ஆனால் அதில் விலக்குகளே மிகுதி. இன்று கைகொடுப்பது நடுவண் அரசின் 2005ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 4ஆம் பிரிவுப்படி விதிகளையும் கையேடுகளையும் அலுவலகங்கள் கேட்காமலே வெளியிட வேண்டும்.

மதுரையை அடுத்த பரவை பேரூராட்சியில் ஒரு பெற்றோர் மாற்றுச் சான்றிதழ் விதியைக் கேட்க விரும்பினால், வெள்ளைத்தாளில் மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். 'ஏன் இப்படி?' என்று கேட்டால் பதில் வராது. 'இன்ன அரசாணையின் நகல் தருக' என்று கேட்பதே சூட்சுமம். பதிலுக்கு 30 நாள் கெடு. தவறினால் அதே துறையின் மேல் அலுவலரிடம் முதல் மேல்முறையீடு, பிறகு மாநிலத் தகவல் ஆணையம்.

அரசுப் பள்ளிகளில் இன்னொரு வாசலும் உண்டு: 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால் பங்கினர் பெற்றோர். உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இக்குழு கட்டாயமில்லை.