தனபால் கணேஷ்

தனபால் கணேஷ் (பிறப்பு: 13 ஜூன் 1994, சென்னை) கால்பந்து ஆட்டக்காரர். நடுக்களத்தில், தடுப்பு வரிசைக்குச் சற்று முன்னால் நின்று ஆடுபவர். வடசென்னை வியாசர்பாடியில் பந்தாடக் கற்று, புனே வழியாக இந்தியன் சூப்பர் லீக்கை அடைந்தார். 2017–18 பருவத்தில் கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் நடுக்களத்துத் தூணாக இருந்தார்.

ஆங்கில ஆட்டப் பட்டியல்களில் இவர் பெயர் ஓர் உயிரெழுத்தை இழந்து ‘தன்பால்’ என்று ஒலிக்கும்படி அச்சாகும். வடக்கிலிருந்து வரும் வர்ணனையாளர்களும் அப்படியே படிப்பார்கள். தமிழ் நாளேடுகள் பெரும்பாலும் ‘தனபால்’ என்றே எழுதுவதால் இக்கட்டுரையும் அவ்வழக்கைப் பின்பற்றுகிறது.

ஊர்

பெரம்பூர் ரயில் பாதைகளுக்கும் கொடுங்கையூருக்கும் இடைப்பட்ட வியாசர்பாடி, துறைமுகத்தையும் ஆலைகளையும் ரயில்வே பணிமனைகளையும் நம்பி வளர்ந்த தொழிலாளர் குடியிருப்பு. பந்து இங்கே எப்படி வந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பின்னி ஆலைகளின் வெள்ளைக்கார அதிகாரிகள் ஆடியதைப் பார்த்துத் தொழிலாளர்கள் கற்றார்கள் என்பது ஒரு கூற்று. பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளின் ஆங்கிலோ இந்தியர்களே முதலில் கற்பித்தார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் அடுத்தடுத்த தெருக்களில் நடந்திருக்கவும் கூடும்.

பின்னியின் பக்கிங்காம் ஆலை 1876இலும் கர்நாடிக் ஆலை 1881இலும் தொடங்கப்பட்டவை. 1996இல் கதவுகள் மூடப்பட்டன. ஆலை போன பின்னும் பந்து போகவில்லை. ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை, வருமான வரித்துறை என்று சென்னை லீக்கில் ஆடிய அணிகள் பலவும் ஏதோவொரு நிறுவனத்தின் அணிகளாகவே இருந்தன. ஆகவே பந்து ஆடுபவனுக்கு ‘கோட்டா’ என்ற சொல்லே நெடுங்காலம் எதிர்காலமாக இருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை, மாதச் சம்பளம், ஓய்வூதியம். ஆட்டத்தையே தொழிலாகக் கொள்ளலாம் என்று வீட்டில் சொன்னால் நம்பாத காலம் அது.

கணேஷின் தொடக்கத்தை எல்லாப் பதிவுகளும் முல்லை நகர் மைதானத்தில்தான் வைக்கின்றன. குடிசைப் பகுதிப் பிள்ளைகளின் விளையாட்டுத் திறனையும் கல்வியையும் வளர்க்கவென என். உமாபதி, தங்கராஜ் ஆகியோர் நடத்திவரும் சங்கத்தின் பயிற்சிக் களம் அது. சங்கம் தொடங்கிய ஆண்டு 1997 என்பாரும் உண்டு, 2000 என்பாரும் உண்டு; முறையாகப் பதிவு செய்யும் முன்பே பயிற்சி நடந்து வந்திருந்தால் இரண்டும் சரியாகலாம். பந்தோடு படிப்பையும் விடக்கூடாது என்பது சங்கத்தின் அடிப்படை. பயிற்சி போக, மாலையில் டியூஷனும் உண்டு. புல் என்று சொல்ல அதிகம் இல்லாத மண் தரையில், பூட்ஸ் இல்லாத பிள்ளைகள் பூட்ஸ் உள்ள பிள்ளைகளோடு மோதி ஆடுவார்கள். மண்ணில் பந்து எதிர்பாராமல் எகிறும். முதல் தொடுகையிலேயே அதைக் காலுக்குள் அடக்கத் தெரியாதவனுக்கு அங்கே இரண்டாவது தொடுகை கிடைக்காது.

பத்திரிகைகள் இப்பகுதியைக் ‘குட்டி பிரேசில்’ என்று எழுதுவது வழக்கம். இப்பெயரை முதலில் சூட்டியவர் யார் என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சொல்லப்படுகின்றன. பா. இரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ திரைப்படம் 2014 செப்டம்பரில் வெளியானது. வியாசர்பாடி அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் அதன் நாயகன் பந்தாடுபவன். அடுத்த மாதமே இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது.

புனே

கணேஷ் புனே எஃப்.சி.யின் அகாடமியில் சேர்ந்து, பின்னர் அதே மன்றத்தின் முதல் அணிக்கு உயர்ந்து ஐ-லீக்கில் ஆடினார். 2015இல் அம்மன்றம் தன் முதல் அணியைக் கலைத்தது.

சென்னையின் எஃப்.சி.

ஊர்ப்பெயரோடு ஒரு வேற்றுமை உருபைச் சேர்த்து அப்படியே நிறுத்திவிட்ட ‘சென்னையின்’ என்ற பெயர் தமிழாசிரியர்களை நெளிய வைத்தாலும் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. அணியின் சொந்தக் களம் பெரியமேட்டு ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம். கடற்கரை பக்கத்தில் இல்லாவிட்டாலும் மன்றம் அதற்கு இட்ட பெயர் ‘மெரினா அரீனா’. உண்மையில் வியாசர்பாடிதான் அங்கிருந்து கூப்பிடு தூரம்: ஐந்தாறு கிலோமீட்டர்.

கணேஷ் 2015இல் இவ்வணியில் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியதால், கொல்கத்தா அணிக்கு எதிரான அரையிறுதியின் சொந்தக் கள ஆட்டம் புனேவுக்கு மாற்றப்பட்டது. மார்க்கோ மாத்தராஸியின் பயிற்சியில் அணி டிசம்பர் 20 அன்று ஃபதோர்டாவில் கோவாவை 3–2 என வென்று முதல் கோப்பையை எடுத்தது. அந்த வெற்றியில் கணேஷின் பங்கு சிறிது. 2017இல் கடனாகச் சென்னை சிட்டி எஃப்.சி.க்கு ஐ-லீக்கில் ஆடினார்.

2017–18 பருவம்

ஜான் கிரிகோரி பயிற்சியாளராக வந்த இப்பருவமே கணேஷின் பெயரை நிலைநிறுத்தியது. இதைப் பற்றிய செய்திகளும் ஏராளம். கிரிகோரி இளம் இந்திய ஆட்டக்காரர்களை நடுக்களத்தில் நம்பி இறக்கினார்: கணேஷ், பிக்ரம்ஜித் சிங், அனிருத் தாபா. இவர்களுக்கு முன்னால் பிரேசில்காரர் ரஃபாயேல் அகஸ்டோ. அகஸ்டோ முன்னேறி ஆடும் துணிச்சல், பின்னால் இடத்தை அடைத்து நிற்க ஆள் இருந்ததால் வந்தது.

அந்த ஆளின் வேலையை விளக்குவது கடினம். பந்து எங்கே இருக்கிறது என்பதைவிட, அடுத்து எங்கே வரும் என்பதே அவன் கணக்கு. எதிரணி நடுவிலிருந்து ஒரு பந்தைக் குறுக்கே தள்ளும் முன்பே இரண்டடி நகர்ந்து நிற்பான். அந்த இரண்டடியைக் கண்டு எதிராளி பந்தைப் பின்னுக்குத் திருப்பினால் வேலை முடிந்தது. ஸ்கோர் அட்டையில் எதுவும் ஏறாது. பறித்த பந்தைப் பத்து கெஜத்துக்குள் பக்கத்தில் இருப்பவன் காலில் வைத்துவிட வேண்டும். தப்பினால் மட்டும் எல்லோர் கண்ணிலும் படுவான். கணேஷைப் பற்றிய பதிவுகளில் நூற்றுக்கணக்கான இத்தகைய நகர்வுகள் இல்லாமல், அடித்த ஓரிரு கோல்களே பெரிதாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

அவற்றில் முதலாவது 2017 டிசம்பர் 17 அன்று, பெங்களூரு கண்டீரவா அரங்கில். 5ஆம் நிமிடத்தில் ஜெஜெ லால்பெக்லுவா சென்னையை முன்னிலைப்படுத்தினார். அது எண்பது நிமிடம் தாக்குப்பிடித்தது. 85ஆம் நிமிடத்தில் சுனில் சேத்ரி சமன் செய்தார். அரங்கம் அந்தக் கூச்சலிலிருந்து இறங்கும் முன்பே, 88ஆம் நிமிடத்தில் கணேஷ் கோலடித்தார். ஆட்டம் 2–1. முன்கள வீரர்கள் அத்தனை பேர் இருக்க, பெங்களூருவை அதன் வீட்டிலேயே வீழ்த்தியது தடுத்து நிற்கவேண்டிய ஆள்.

லீக் சுற்றை அணி 18 ஆட்டங்களில் 32 புள்ளிகளோடு இரண்டாம் இடத்தில் முடித்தது. கோவாவுடனான அரையிறுதியின் முதல் ஆட்டம் 1–1. இரண்டாவது ஆட்டம் 2018 மார்ச் 13 அன்று சென்னையில். 26ஆம் நிமிடத்தில் ஜெஜெ ஒன்று போட்டார். மூன்று நிமிடம் கழித்து கிரிகரி நெல்சன் உயர்த்திவிட்ட ஃப்ரீகிக்கைக் கணேஷ் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பினார். 90ஆம் நிமிடத்தில் ஜெஜெ மீண்டும் ஒன்று, 3–0. சொந்த ஊர் அரங்கில், அரையிறுதியில், ஊர்ப் பையன் கோலடித்தது சென்னைக் கால்பந்து ரசிகர்கள் இன்றும் எடுத்துப் பேசும் செய்தி.

மார்ச் 17 அன்று பெங்களூருவுக்கு எதிரான இறுதியாட்டம் மீண்டும் கண்டீரவாவில். 9ஆம் நிமிடத்தில் சேத்ரி முந்திக்கொண்டார். சென்னைக்காக மைல்சன் ஆல்வெஸ் 17, 45ஆம் நிமிடங்களில் கார்னர் பந்துகளை முட்டி இரண்டு கோல் போட்டார். 67இல் அகஸ்டோ. ஆட்டம் முடியும் தறுவாயில் பெங்களூருவின் மிக்கு ஒன்றைத் திருப்பினாலும் முடிவு 3–2. சென்னைக்கு இரண்டாம் கோப்பை. அன்று கணேஷ் பெயரில் கோல் இல்லை.

பிற்காலம்

முழங்கால் காயமும் அறுவை சிகிச்சையும் அடுத்த பருவத்தைக் கொண்டுபோயின. 2018–19இல் நடப்புச் சாம்பியனான சென்னை பத்து அணிகளில் கடைசியாக வந்தது. நடுக்களத்தில் விழுந்த ஓட்டையே காரணம் என்று சிலர் எழுதினர். ஒருவர் இல்லாமையால் ஓர் அணி இவ்வளவு சரியுமா என்று ஐயுறுவோரும் உண்டு. 2019–20இல் ஓவன் கோயிலின் கீழ் அணி மறுபடி இறுதிக்குச் சென்றபோது நடுக்களத்தில் தாபாவும் எட்வின் சிட்னி வன்ஸ்பாலும் முன்னணியில் இருந்தனர். கொரோனா அச்சத்தால் ஆளில்லாத ஃபதோர்டா அரங்கில் 2020 மார்ச் 14 அன்று நடந்த அந்த ஆட்டத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. 3–1 என வென்றது.