படிகத்தை மாற்றியவர்கள்

1981-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தார் விற்பனைக்குக் கொணர்ந்த பெர்சனல் கம்ப்யூட்டரின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ் என்று படிக்கும் எவருக்கும், முழுசாக ஐந்து என்று வைத்துக்கொள்ளாமல் இந்த ஒட்டும் ஒடிசலுமான எண்ணை ஏன் தேர்ந்தார்கள் என்ற சந்தேகம் எழுவது சகஜம். காரணம் சிக்கனமே. அமெரிக்கக் கலர் டெலிவிஷனின் வர்ண அலைக்கு நான்கு மடங்கான 14.318 மெகாஹெர்ட்ஸ் அதிர்வுடைய ஒரே குவார்ட்ஸ் படிகத்தை வைத்து, அதை நான்கால் வகுத்துத் திரைக்கு நிறமும், மூன்றால் வகுத்து இன்டெல் 8088 பிராசஸருக்கு நாடித்துடிப்பும், பன்னிரண்டால் வகுத்துக் கடிகாரத்துக்குக் காலக்கணக்கும் கொடுத்தார்கள். ஒரே கிணற்றில் மூன்று வீட்டார் நீர் இறைத்த கதைதான். வேகத்துக்கு ஆசைப்பட்டுப் படிகத்தைத் தொட்டால் நிறமும் கெடும், நேரமும் பிசகும்.

ஆகவே அந்த யந்திரத்தில் கைவைத்தவர்கள் படிகத்தை விட்டுவிட்டுப் பிராசஸரையே பெயர்த்தார்கள். 1984-ல் ஜப்பானிய என்.இ.சி. நிறுவனம் வெளியிட்ட வி20 என்னும் சில்லு, 8088 இருந்த அதே நாற்பது துளைகளில் கச்சிதமாக உட்கார்ந்து, அதே துடிப்பில் சற்றுக் கூடுதலாகவே வேலை செய்தது. பெருக்கல் கணக்கில் அதன் சாமர்த்தியம் நன்றாகவே தெரிந்தது. அதனுள்ளிருக்கும் நுண்கட்டளைகள் யாருக்குச் சொந்தம் என்று இன்டெலும் என்.இ.சி.யும் நீதிமன்றம் ஏறி, 1989-ல்தான் என்.இ.சி.க்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

ஆனால் நிஜமான வேடிக்கை 1984 ஆகஸ்டில் வெளிவந்த ஐ.பி.எம். ஏ.டி. மாடலில் நடந்தது. அதில் கடிகாரத்துக்கும் நிறத்துக்கும் தனிப்படிகம். 80286 பிராசஸருக்கென்று வேறொரு 12 மெகாஹெர்ட்ஸ் படிகம். பிராசஸர் அதைப் பாதியாக்கி 6 மெகாஹெர்ட்ஸில் ஓடிற்று. கிணறு பாகமாகிவிட்டது, மேலும் அந்தப் படிகம் பற்றவைக்கப்படாமல் சாக்கெட்டில் செருகியிருந்தது. மூடியின் திருகுகளைக் கழற்றி, விரல் நகமளவே உள்ள அந்த வெள்ளித் தகரக் கூட்டை நுனிவிரலால் அசைத்துப் பிடுங்கி, சில டாலர் விலையுள்ள 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை அங்கே குத்திவிட்டால், பல்லாயிரம் டாலர் யந்திரம் எட்டில் ஓடத் தொடங்கிவிடும். துணிந்தவர்கள் 18 வரை போய் ஒன்பதையும் பார்த்தார்கள். நினைவகச் சில்லுகள் ஈடுகொடுக்காமல் யந்திரம் நடுவழியில் நின்றுபோனதும் உண்டு.

தங்கள் பெரிய கம்ப்யூட்டர்களின் வியாபாரம் குன்றிவிடும் என்று அஞ்சியே ஐ.பி.எம். வேகத்தை அடக்கி வைத்தது என்பது அக்காலத்துப் பேச்சு. வெறும் முன்ஜாக்கிரதையும் அதில் பாதியாவது இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். எப்படியாயினும், சொந்தக்காரர்களின் இந்தக் கைவேலை நிறுவனத்துக்கு ரசிக்கவில்லை. பின்னர் வந்த ஏ.டி.களின் ரோம் சில்லில், யந்திரம் விழித்தெழும் கணத்திலேயே தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்து, விதித்த அளவை மிஞ்சியிருந்தால் மேற்கொண்டு இயங்க மறுக்கும்படி ஒரு சோதனையை எழுதி வைத்தார்கள். கிணறு பிரிந்ததால் பிறந்த சுதந்திரத்தை, தனியே நின்ற காலக்கணக்கைக் கொண்டே கண்டுபிடித்துவிட முடிந்தது.

1986 ஏப்ரலில் ஐ.பி.எம். தானே 8 மெகாஹெர்ட்ஸ் ஏ.டி.யை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் மூடியைத் திறந்து பார்த்தவர்கள் கண்ட படிகத்தின்மேல் 16 என்றே பொறித்திருந்தது.