முதலில் யாரைக் கூப்பிடுவது?

சாலையில் ஒருவர் நினைவில்லாமல் கிடக்கிறார். சட்டைப் பையில் செல்போன். உள்ளே இருநூறு பெயர்கள். இதில் மனைவி யார், மளிகைக்கடைக்காரர் யார்? நீங்களாக இருந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

இங்கிலாந்தில், கிழக்கு ஆங்கிலியா பகுதியில் ஆம்புலன்ஸில் முதலுதவி செய்துவந்த பாப் பிராச்சிக்கும் இதே தலைவலிதான். 2005-ல் ஒரு யோசனை சொன்னார். வேண்டியவரின் எண்ணை 'ஐஸ்' என்ற பெயரில் போட்டு வையுங்கள். 'இன் கேஸ் ஆஃப் எமர்ஜென்சி' என்பதன் சுருக்கம். அவ்வளவுதான். பைசா செலவில்லை!

அதே வருடம் ஜூலை 7. லண்டனில் மூன்று சுரங்க ரயில்களிலும் ஒரு பஸ்ஸிலும் குண்டு வெடித்து 52 பேர் பலியானார்கள். அதன்பிறகு பிராச்சியின் யோசனை ஈமெயில் ஏறி உலகம் சுற்றியது. கூடவே, 'ஐஸ் என்பது வைரஸ்' என்று ஒரு புரளியும்!

புரளியைத் தாண்டி நின்ற ஐஸுக்கு வேட்டு வைத்தது பூட்டு. ஆளாளுக்கு போனைப் பூட்ட ஆரம்பித்ததும், ஐஸ் உள்ளேயே உறைந்துபோனது. கடைசியில் 2014-ல் ஐபோனிலும், 2016-ல் ஆண்ட்ராய்டிலும் பூட்டைத் திறக்காமலே அவசரத் தகவல் பார்க்கும் வசதி வந்தது.

ஒன்றுதான் பாக்கி. அந்தக் கட்டத்தை நாம்தான் நிரப்ப வேண்டும். உங்கள் போனை எடுத்துப் பாருங்களேன். காலியாகத்தானே இருக்கிறது?