330 கோடி யூரோ, 1,320 கோடி ஆனது எப்படி? பிரான்ஸ் அணு உலைக் கணக்கு

பிரான்ஸில் சொல்லிக்கொள்ளும்படி எண்ணெய் வளம் கிடையாது. 1973-ல் எண்ணெய் விலை எகிறியதும், மறு வருடமே வரிசையாக அணு உலைகள் கட்ட முடிவெடுத்தார் பிரதமர் மெஸ்மர். மலிவு என்பதைவிட, எரிபொருளுக்கு அடுத்த நாட்டிடம் கையேந்தக் கூடாது என்பதுதான் முக்கியக் காரணம்.

செலவு? ஃபிளமன்வில் 3-வது உலை வேலை தொடங்கியது 2007-ல். 330 கோடி யூரோ, 2012-ல் கரண்ட் என்றார்கள். வெல்டிங் குறைகள், மறுபடியும் வேலை என இழுத்து, கரண்ட் வந்தது 2024 டிசம்பரில். செலவு 1,320 கோடி! அதுவும் கட்டுமானக் கால வட்டி சேர்க்காமல்.

எரிவாயு நிலையத்தில் எரிபொருள்தான் பெரிய செலவு. அணு உலையில் யுரேனியச் செலவு கம்மி. கட்டுவதற்கும் வட்டிக்கும்தான் காசு கரையும். சோலார் சீக்கிரம் போட்டுவிடலாம், ஆனால் ராத்திரிக்கு பேட்டரியோ வேறு நிலையமோ வேண்டுமே? இவ்வளவு அடி வாங்கிய பிரான்ஸ், 2022-ல் மேலும் 6 உலைகள் கட்டப்போவதாக அறிவித்தது.