துண்டும் சான்றும்

1957 ஒக்டோபர் 15 அன்று திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் இலங்கையிடம் ஒப்படைத்தனர். கொடி இறங்கியது வரலாற்றில் பதிவாயிற்று. டொக்யாட்டில் உழைத்தவர்கள் வெளியேறுகையில் என்ன தாளைக் கொண்டுபோயினர் என்பதையும் நாம் கேட்க வேண்டாமா?

மலைநாட்டில் ஒரு காலம் அத்தாளுக்குத் 'துண்டு' என்று பெயர். கடனைத் தீர்த்தால் தொழிலாளியை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிய சீட்டு அது. கடன் இருந்தது, உழைப்பு இல்லை! 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்தது.

1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டமோ வேறொரு தாளைத் தேடவைத்தது. 1946 சனவரி 1க்கு முன், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இங்கு வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. தோட்டமாயினும் துறைமுகமாயினும், லயத்திலும் குடிசையிலும் வாழ்ந்தவரிடம் காணி உறுதி ஏது? வேலை கொடுத்தவரின் ஏடே சாட்சி.

ஆதலின், பிரியும் ஊழியருக்கு எழுதும் கடிதத்தில் 'நன்னடத்தையுள்ளவர்' என்னும் புகழுரையினும் சேர்ந்த நாளும் நீங்கிய நாளுமே பெரிது. ஆட்குறைப்பால் நீங்கினால் ஆட்குறைப்பு என்றே எழுதுக. கங்காணி அழைத்த பெயர்தான் பதிவேட்டில் உள்ளதெனில், தந்தை பெயரோடு கூடிய முழுப் பெயரையும் அதனருகே எழுதிக் கையொப்பமிடுக.